மாண்புமிகு சராசரி அவர்களுக்கு ஒரு பொன்னாடை

மாண்புமிகு சராசரி அவர்களே! அவருக்கு இருபுறமும் வீற்றிருக்கும் விகிதாசாரங்களே, விழுக்காடுகளே! ஐந்து வகுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதால் இந்த விழாவுக்கு வர முடியாமல் போன ஆசிரியப் பெருமக்களே!

இந்த நாட்டில் பாராட்டு விழா நடக்காத ஆள் பாக்கியில்லை. வெட்டாத ஏரிக்கு விழா எடுத்திருக்கிறோம். திறப்பதற்கு முன்பே விரிசல் விட்ட பாலத்துக்கும் எடுத்திருக்கிறோம். பள்ளிக் கல்வியின் மானத்தை இத்தனை வருடமாகத் தனி ஆளாகக் காப்பாற்றி வரும் உங்களுக்கு மட்டும் ஒருவரும் ஒரு துண்டுகூடப் போர்த்தவில்லை. அந்தப் பழியை இன்று நான் துடைக்கிறேன். கைத்தறிதான், தள்ளுபடியில் வாங்கியதுதான். குனிந்து கழுத்தைக் கொடுங்கள்.

முதலில் உங்கள் சாதனையைச் சபைக்குச் சொல்லிவிடுகிறேன். ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் யுடைஸ் கணக்கு, 2024-25. அடித்தள நிலையில் 10 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். அடுத்த நிலையில் 13 பேருக்கு ஒருவர். நடுநிலையில் 17, மேலே 21. தேசியக் கல்விக் கொள்கை கேட்டதே 30க்கு ஒருவர்தான். கேட்டதற்கு மேல் அள்ளிக் கொடுத்த வள்ளல் நீங்கள். நாட்டின் ஆசிரியர் எண்ணிக்கை முதல்முறையாக ஒரு கோடியைத் தாண்டிவிட்டது என்று வேறு முரசு கொட்டினார்கள். கொட்டட்டும்.

அதே ஆண்டு, அதே யுடைஸ் கணக்கில் இன்னும் இரண்டு வரிகள் இருக்கின்றன. ஒரே ஓர் ஆசிரியரை வைத்து நடக்கும் பள்ளிகள் 1,04,125. அவற்றில் படிக்கும் பிள்ளைகள் 33,76,769. இது ஒன்று. ஒரு பிள்ளைகூடச் சேராத பள்ளிகள் 7,993. அந்தப் பள்ளிகளின் கணக்கில் இருக்கும் ஆசிரியர்கள் 20,817. இது இன்னொன்று. பிள்ளையே இல்லாத இடத்தில் இருபதாயிரம் பேர்; முப்பத்து மூன்று லட்சம் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பள்ளிக்கு ஒற்றை ஆள். பந்தியில் ஒருவர் முன்னால் இரண்டு இலை போட்டு, பக்கத்தில் இருப்பவரை வெறுந்தரையைப் பார்க்க வைத்துவிட்டு, ஆளுக்கு ஓர் இலை போட்டாயிற்று என்று கணக்கு எழுதுகிற பரிசாரகர் நீங்கள். பசித்தவன் கேட்டால் பக்கத்து இலையைக் காட்டுவீர்கள்.

உங்கள் வம்சாவளியையும் சொல்ல வேண்டும். 1987ல் கரும்பலகைத் திட்டம் வந்தது. எந்தத் தொடக்கப் பள்ளியானாலும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர் என்றார்கள். அன்றைக்கு அது பெரிய காரியம். கேலி செய்ய மாட்டேன். ஆனால் ஏறத் தொடங்க வேண்டிய முதல் படியையே மொட்டை மாடி என்று நினைத்து அங்கேயே பாய் விரித்துவிட்டார்கள். 22 வருடம் கழித்து, 2009ல், இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. அதன் அட்டவணை என்ன சொல்கிறது? ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை, 60 பிள்ளைகள் இருந்தால் இரண்டு ஆசிரியர். 61லிருந்து 90 வரை மூன்று. 91லிருந்து 120 வரை நான்கு. 121 ஆனால் ஐந்து.

ஒன்று முதல் ஐந்து வரை மொத்தம் ஐந்து வகுப்பு இருக்கிறது என்ற தகவல், சட்டம் எழுதியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை போலும். 121ஆவது பிள்ளை வந்து சேர்ந்த பிறகுதான் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கிடைப்பார். அதுவரை பள்ளி பொறுத்துக்கொள்ள வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதே அட்டவணையில் சில வரி தள்ளி, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு, 'வகுப்புக்குக் குறைந்தது ஓர் ஆசிரியர்' என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். எழுதத் தெரிந்திருக்கிறது. பெரிய பிள்ளைகளுக்கு எழுதத் தெரிந்த கைக்கு, அரிச்சுவடி படிக்கும் பிள்ளைகளுக்கு எழுத மனம் வரவில்லை. அதுகள் என்ன, போராட்டமா செய்யப்போகின்றன?

இப்போது உங்களை ஒரு பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகிறேன். காரைவிட்டு இறங்க வேண்டியிருக்கும், மன்னிக்கவும். ஈராசிரியர் பள்ளி. தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்திலும் பார்க்கலாம். 28 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர். விகிதம் 14க்கு ஒருவர். பின்லாந்துக்காரர்கள் கண் வைப்பார்கள், சுற்றிப் போட வேண்டும்.

தலைமை ஆசிரியரிடம் நான்கும் ஐந்தும். டீச்சரிடம் ஒன்று, இரண்டு, மூன்று. முதல் இரண்டு வகுப்புக்குத் தலா நான்கு பாடம், அடுத்த மூன்றுக்குத் தலா ஐந்து. ஆக 23 பாடம். டீச்சர் ஒன்றாம் வகுப்புப் பையனின் விரலைப் பிடித்து 'ட' எழுத வைக்கிறார். இரண்டாம் வகுப்புக்குப் பார்த்து எழுதும் வேலை கொடுத்தாயிற்று. அவர்கள் பார்க்கிறார்கள், எழுதுகிறார்கள், என்ன எழுதினோம் என்பது அவர்களுக்கும் தெரியாது. மூன்றாம் வகுப்பு ஆறாம் வாய்ப்பாட்டைச் சத்தமாக ஒப்பிக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பையன் 'ட' என்று சொல்ல வாயைத் திறக்கிறான். 'ஆறு நாலு இருபத்து நாலு' என்று வருகிறது. கடைசி மூலையில் இருக்கும் சிறுமிக்குச் சந்தேகம் வந்து கையைத் தூக்குகிறாள். தூக்கிய கை வலித்ததும் தானே இறக்கிக்கொள்கிறாள். ஒரு நாளில் எத்தனை சந்தேகம் இப்படிக் கீழே இறங்குகிறது என்பதற்கு யுடைஸ் படிவத்தில் கட்டம் கிடையாது.

அப்போதுதான் தலைமை ஆசிரியர் வாசலில் வந்து நிற்பார்.

"டீச்சர், ரெண்டு பக்கமும் கொஞ்சம் பாத்துக்குங்க. பி.ஆர்.சி. வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"சரிங்க சார்."

அவ்வளவுதான். அந்த நிமிடத்திலிருந்து அது ஓராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு, 23 பாடம், 28 பிள்ளைகள், ஒரு டீச்சர். எந்த அறிக்கையிலும் அது ஓராசிரியர் பள்ளியாக ஏறாது. உங்கள் ஏட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் பி.ஆர்.சி. எனும் வட்டார வள மையத்தில் பயிற்சியில் இருக்கிறார். பல வகுப்புகளை ஒரே நேரத்தில் கையாள்வது எப்படி என்று கற்றுக்கொள்ளவே போயிருக்கலாம். பயிற்சி இல்லாத நாளில் எமிஸ் எனும் பள்ளித் தகவல் முறைமை இருக்கிறது. வருகைப்பதிவைச் செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்காவிட்டால் தண்ணீர்த் தொட்டிப் படியில் ஏறி நின்று கைப்பேசியை வானத்துக்குக் காட்ட வேண்டும். சட்டத்தின் 27ஆம் பிரிவு ஆசிரியரைக் கற்பித்தல் அல்லாத வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கு மட்டும் விலக்கு. இந்த ஜனநாயகத்தில் தேர்தல் இல்லாத மாதம் எது என்று யாராவது சொன்னால் நன்றாயிருக்கும். தேர்தல் இல்லையென்றால் வாக்காளர் பட்டியல் திருத்தம். 2025 நவம்பரில் வந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், எழுத்துக் கற்றுக்கொடுக்க வேண்டிய பலர், வீடு வீடாகப் படிவம் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆசிரியர் போதவில்லை என்றால் ஆசிரியரைப் போட வேண்டும். அது பழைய முறை. புதிய முறையில் திட்டம் போடுவார்கள். 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்கப் போனது. பிள்ளைகள் பாயில் அமர்ந்து அட்டை அட்டையாகப் படித்தார்கள். 2022ல் எண்ணும் எழுத்தும் வந்தது. கற்றல் நிலைப்படி பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் ஆனார்கள். இந்த முறைகளில் எனக்குப் பகை இல்லை. பல வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக இருக்கும் அறையைச் சமாளிக்க நல்ல மனிதர்கள் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்தவை அவை. சமாளிக்கக் கண்டுபிடித்ததையே லட்சியம் ஆக்கி, ஆள் போடாததை நவீனக் கல்வியியல் என்று விற்றார்கள் பாருங்கள், அந்தத் துணிச்சலுக்குத்தான் தனியாக ஒரு மாலை வாங்கி வைத்திருக்கிறேன்.

இது ஏதோ மலைக்கிராமத்து விதிவிலக்கு என்று யாரும் சொல்ல வேண்டாம். 2024ஆம் ஆண்டின் ஏசர் எனும் கல்வி நிலை ஆய்வறிக்கைப்படி, இந்திய ஊரகத்தின் அரசு தொடக்கப் பள்ளிகளில் பாதிக்கு மேல், 52 சதவீதம், 60 பிள்ளைகளுக்கும் குறைவானவை. முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளின் அறைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, வேறு வகுப்போடு சேர்ந்து உட்காரும் அறைகள்.

பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள்? சாபமா? முதலில் தனியார் வேன் தெருமுனைக்கு வந்தது. பிறகு அரசாங்கமே, அதே கல்விச் சட்டம் தனியார் பள்ளிகளில் தரும் 25 சதவீத ஒதுக்கீட்டில் அந்த வேனில் ஏறும் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்ட முன்வந்தது. பக்கத்துப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு, நம் பள்ளியில் பிள்ளை இல்லை என்று கவலைப்படும் முதலாளியை வேறு எந்தத் தொழிலிலும் பார்க்க முடியாது. சரி, நாமும் ஆங்கில வழி தருவோம் என்று 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகளைத் திறந்தார்கள். பலகை வந்தது, புத்தகம் வந்தது. ஈராசிரியர் பள்ளிக்கு மூன்றாவது ஆசிரியர் வரவில்லை. அதே டீச்சர், அதே அறை, அதே நேரம். கணக்கை இந்தப் பக்கம் தமிழிலும் அந்தப் பக்கம் ஆங்கிலத்திலும் நடத்த வேண்டும். ஐந்து வகுப்பு பத்து வகுப்பாயிற்று. உங்கள் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை, சராசரி அவர்களே. விகிதம் அப்படியே 14தான்.

அடுத்தது ஆகஸ்ட் 1. ஆசிரியர் வட்டாரத்தில் இந்தத் தேதியைச் சொன்னால் போதும், டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் அந்த வருடத்துக்கு எத்தனை பணியிடம் என்று நிர்ணயம் செய்வார்கள். 61 பேர் இருந்த பள்ளியில் ஒரு குடும்பம் செங்கல் சூளைக்குப் பிழைக்கப் போய்விட்டால், 60. மூன்றாவது ஆசிரியர் உபரி. பணி நிரவலில் அவரைத் தூக்கி வேறு ஊரில் போடுவார்கள். போன குடும்பம் பொங்கலுக்குத் திரும்பி வரும்; ஆசிரியர் வர மாட்டார். இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்று பார்த்து இன்னும் நாலு பெற்றோர் வேனைக் கூப்பிடுவார்கள். அடுத்த ஆகஸ்டில் இன்னும் குறையும். இந்தச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, சேர்க்கை விழிப்புணர்வுப் பேரணிக்கு ஆசிரியர்களையே பதாகை பிடித்து நடக்கச் சொல்கிறோம்.

போதும், நகரத்துக்கு வாருங்கள். அங்கே உங்களுக்கு வேறு கோலம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பெயர் பெற்ற அரசு மேல்நிலைப் பள்ளி. ஊரெல்லாம் இங்கேதான் சேர்க்கக் கேட்கிறது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிரிவுக்கு 78 பேர். மூன்று பேர் பெஞ்சில் ஐந்து பேர். நடுவில் இருப்பவள் பாத்ரூம் போக வேண்டுமென்றால் இரண்டு பேர் எழுந்து வெளியே வந்து நிற்க வேண்டும். அதனாலேயே மதியம் வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்பிள்ளைகளை ஆசிரியைகளுக்குத் தெரியும். பாடவேளை 45 நிமிடம். வருகைப்பதிவுக்கும் சத்தம் அடங்குவதற்கும் ஆறு நிமிடம் போனால் மீதி 39. பிள்ளைக்கு அரை நிமிடம். முப்பது விநாடியில் இயற்கணிதம் புரியாத பிள்ளைக்கு 'மெதுவாகக் கற்பவர்' என்று பட்டம்.

நோட்டுத் திருத்தம்? ஓர் ஆசிரியைக்கு நான்கு பிரிவு என்றால் 312 நோட்டு. ஒரு நோட்டுக்கு இரண்டே நிமிடம் என்றாலும் பத்து மணி நேரத்துக்கு மேல். ஆகவே அவர் கையெழுத்துப் போடுகிறார், படிப்பதில்லை. அவரைக் குற்றம் சொல்லும் ஆய்வு அலுவலர் அந்த 312ஐ ஒரு வாரம் வீட்டுக்கு எடுத்துப் போய்த் திருத்திக் கொண்டுவந்தால், நான் இந்தப் பொன்னாடையை அவருக்கு மாற்றிப் போர்த்தத் தயார்.

இந்த 78ஐயும் அந்த 14ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 46. இதைப் போல ஆயிரம் பள்ளிகளைக் கூட்டி வகுத்தால் நீங்கள் இன்னும் அழகாகிவிடுவீர்கள். சட்டத்தின் 25ஆம் பிரிவு, விகிதத்தை ஒவ்வொரு பள்ளியிலும் காக்க வேண்டும் என்கிறது. மாநிலத்துக்கு, மாவட்டத்துக்கு என்று சொல்லவில்லை. அதாவது சட்டப்படி பார்த்தால் உங்களுக்கு இந்த மேடையில் நாற்காலியே கிடையாது. யாரும் கேட்காததால் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

காலியிடம் நிரப்புவதிலும் உங்கள் சீடர்கள் கெட்டிக்காரர்கள். 2022 ஜூனில் தமிழ்நாட்டில் 13,331 காலியிடங்களைத் தற்காலிகமாக நிரப்பச் சொன்னார்கள். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய். பிறகு 12,000 ஆக்கினார்கள், தாராளம்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்தறிவிப்பவருக்கு, இறைவனுக்குச் சமம் என்று மேடையில் ஒரு வரி; கையில் 7,500. இறைவனுக்குக் குடும்பம் குட்டி இல்லை என்று நினைத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் நிபுணர் ஒருவர் எழுந்து, வகுப்பில் எத்தனை பேர் என்பது அவ்வளவு முக்கியமில்லை, ஆசிரியரின் தரம்தான் முக்கியம், ஆய்வுகள் இருக்கின்றன என்பார். இருக்கின்றன. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985ல் தொடங்கி நான்கு வருடம், 79 பள்ளிகளில், பதினோராயிரத்துக்கு மேற்பட்ட சின்னப் பிள்ளைகளை வைத்துச் சோதித்தார்கள். சிறிய வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னே போனார்கள். ஏழை, கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பலன் கூடுதல். அங்கே சிறிய வகுப்பு என்றால் 13 முதல் 17 பேர். பெரிய வகுப்பு என்றால் எத்தனை தெரியுமா? 22 முதல் 25. நம் ஆசிரியர்கள் இதைக் கேட்டால் அந்தப் 'பெரிய' வகுப்புக்கு மாறுதல் கேட்டு மனுப் போடுவார்கள். நிபுணரின் பேச்சில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1996ல் கலிபோர்னியா அவசர அவசரமாக வகுப்பை 20 பேருக்குச் சுருக்கியபோது, பயிற்சி பெறாதவர்களையும் பிடித்துப் போட்டுச் சிரமப்பட்டது. ஆனால் அந்த விவாதமெல்லாம் 25ஆ 20ஆ என்பது பற்றி. 78ஐ வைத்துக்கொண்டு தரம் பேசுவதும், ஐந்து வகுப்பை ஒருவரிடம் தள்ளிவிட்டுத் திறமை பேசுவதும் ஆய்வில் சேராது. எண்ணிக்கை முக்கியமில்லை என்று கருத்தரங்கில் முழங்கும் கனவான்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி தேடும்போது வரவேற்பறையில் கேட்கும் முதல் கேள்வி என்ன? "ஒரு செக்‌ஷனுக்கு எத்தனை பேர் மேடம்?"

கட்டடத்தைப் பற்றியும் நகைச்சுவையாக ஏதாவது சொல்ல நினைத்தேன். வரவில்லை. 2004 ஜூலை 16, கும்பகோணம். ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளி, ஓலைக் கூரை, சமையல் கொட்டகைத் தீ, இறங்க ஒரு குறுகலான படி. 94 பிள்ளைகள். தீர்ப்பு வரப் பத்து வருடம். 2021 டிசம்பர் 17, திருநெல்வேலி. அரசு உதவிபெறும் பள்ளியில் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள். தீப்பிடித்த பிறகு கூரைகளைப் பிய்த்தோம். சுவர் விழுந்த பிறகு பழைய கட்டடங்களைப் பட்டியல் போட்டு இடித்தோம். இடித்த இடத்தில் பல ஊர்களில் புதியது எழும்ப நாளாயிற்று. பிள்ளைகள் வராண்டாவிலும் சமுதாயக் கூடத்திலும் இன்னொரு வகுப்பின் முதுகுக்குப் பின்னாலும் உட்கார்ந்தார்கள். எத்தனை பிள்ளை எந்த அறைக்குள் இருக்கிறது என்று எண்ணுவதற்கு இந்த ஊரில் முதலில் பிணம் விழ வேண்டியிருக்கிறது. 94க்குச் சராசரி எடுங்கள் பார்ப்போம். எடுக்க வராதல்லவா? அப்படியானால் எழுந்து நில்லுங்கள். கொஞ்ச நேரம் அந்த நாற்காலி காலியாக இருக்கட்டும்.

பணம் இல்லை என்பார்கள். டெல்லிக்காரர்கள் 2024-25ல் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய 2,152 கோடி ரூபாய் ஒருங்கிணைந்த கல்வி நிதியை, பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று நிறுத்தி வைத்தார்கள். பிள்ளையின் சிலேட்டைப் பிடுங்கிக்கொண்டு தகப்பனிடம் கையெழுத்துக் கேட்பது எந்த ஊர்க் கொள்கையோ! அதைக் கண்டித்துச் சென்னையில் கொதித்தார்கள், கொதித்ததில் தப்பில்லை. ஆனால் ஈராசிரியர் பள்ளி டெல்லி நிதியை நிறுத்திய அன்றைக்குப் பிறந்ததில்லை. கழகங்கள் மாறி மாறி ஆண்ட எல்லா வருடத்திலும் அந்த டீச்சர் அதே அறையில்தான் நின்றார். இவர்கள் அவர்களைக் காட்டுவார்கள், அவர்கள் இவர்களைக் காட்டுவார்கள்; அறைக்குள்ளே மூலையில் தூக்கிய கையை யாரும் காணவில்லை.

விழா முடிந்தது. இனி, வாசகர்களே, உங்களிடம் பேச வேண்டியது இருக்கிறது. ஆகஸ்ட் 1 கணக்கு முடிந்த இரண்டாவது வாரம் ஆகஸ்ட் 15 கிராம சபை கூடும். உங்கள் ஊர்ப் பள்ளியில் எத்தனை பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று அங்கே கேட்காதீர்கள்; அதற்குத் தயாராக ஓர் அழகான எண் வைத்திருப்பார்கள். எத்தனை வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று கேளுங்கள். தொடக்கப் பள்ளியிலும் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும், சட்டத்தின் அட்டவணையை அதற்கேற்ப மாற்ற வேண்டும், அது மாறும் வரை மாநில அரசு தன் பணியிட நிர்ணய ஆணையை மாற்ற வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். வாயால் சொன்னால் 'பரிசீலிக்கிறோம்' என்பார்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதை வாசிக்கச் சொல்லி, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். நகரத்தில் இருப்பவர்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதையே செய்யுங்கள்; பிரிவுக்கு எத்தனை பேர் என்பதைப் பிரிவுவாரியாக எழுதி வாங்குங்கள்.